வீட்டாரோடு வர வேண்டிய வகுப்பு

அந்த வகுப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளை தனியாக வரக் கூடாது. வீட்டிலிருந்து பெரியவர் ஒருவராவது கூட வர வேண்டும். வந்தவர் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகவும் கூடாது. பிள்ளை உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பிள்ளை படிப்பதைத் தானும் படிக்க வேண்டும்.

வகுப்பு நடந்தது மலாயாவின் ஈப்போ நகரில், ஈயச் சுரங்க என்ஜினீயர் ஒருவரின் பங்களாவில். அவரும் அவர் மனைவியும் லண்டனிலிருந்து வந்த யூதர்கள். அவர்களை விட்டால், பழைய டவுனில் துணிக்கடை வைத்திருந்த பாக்தாத்துக்காரர் குடும்பம் ஒன்றுதான் ஊரில் எனக்குத் தெரிந்த யூதக் குடும்பம். என்ஜினீயருக்கு இரண்டு பெண்கள், கடைக்காரருக்கு மூன்று பிள்ளைகள். இந்த ஐந்து பேருக்காக என்ஜினீயரின் மனைவி ஞாயிறு மாலைகளில் பின் வராந்தாவில் தங்கள் வேதத்தையும் எபிரேய எழுத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். என் ஊரான ரப்பர் தோட்டத்து வழக்கப்படி மனதுக்குள் அவரை நான் துரைசாணி என்றே சொல்லிக்கொள்வேன். வெளியே மேடம்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. மிஷன் பெண்கள் பள்ளியில் ஏழாவது வரை படித்து, அங்கேயே விடுதியில் தங்கி, சின்ன வகுப்புகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்த கை என்னுடையது. அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை, அடுத்தவர்களையும் மறக்க விட்டதில்லை. வெயிலானாலும் மழையானாலும் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் நடப்பேன். துரைசாணிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டபோது, யாரும் என் பெயரைச் சொல்வதற்கு முன்பே நான் எழுந்து நின்றேன்.

என் வேலை கரும்பலகை துடைப்பது, சின்னவர்களுக்குப் படம் வெட்டிக் கொடுப்பது, துரைசாணி சொல்வதை அட்டையில் அழகாக எழுதித் தொங்கவிடுவது. முதல் வாரமே எழுதச் சொன்ன அட்டை இது: "தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். தெரிந்ததை மாற்றிச் சொல்லக் கூடாது." சிவப்பு மையில் ஓரம் வரைந்து எழுதினேன். எழுத்தைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். அதே வாரம்தான் அந்தப் பொய்யையும் சொன்னேன்.

"உன் அப்பா தோட்டத்தில் என்ன வேலை பார்க்கிறார்?" என்று துரைசாணி கேட்டார்.

"ஆபீசில்" என்றேன்.

"கிராணியா?"

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. வெள்ளைக் கால்சட்டை போட்டு, விடியற்காலையில் பேரேட்டைப் பார்த்து ஆள் கூப்பிடுகிறவர்; அந்த ஆள் கூப்பிடுதலுக்குப் பிரட்டு என்று பெயர். மிஷன் பள்ளியில் கிராணிமார் மகள்கள்தான் முன் வரிசையில் உட்கார்வார்கள். ஏழு வருடம் அவர்கள் பின்னலைப் பார்த்தபடியே படித்தவள் நான். என் அப்பா கான் வெட்டியவர். ரப்பர் மரத்தடியில் தண்ணீர் தேங்காமல் ஓட வடிகால் தோண்டுவது கான் வெட்டு. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அம்மா பால்மரம் வெட்டுகிறவள்; ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பவள். குடியிருந்தது லயம் என்னும் கூலி வரிசை வீட்டில். அந்த ஒரு தலையாட்டலில் இருவரையும் அழித்துவிட்டேன். அப்போது அது அப்படித் தெரியவில்லை. முன் வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்ததுபோலத்தான் இருந்தது.

ஆனால் அந்த வகுப்பில் எனக்கு நிம்மதியாக உட்கார முடிந்ததே இல்லை. அதற்குக் காரணம் கடைக்காரரின் மனைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். பாக்தாத்தில் அவருடைய அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு மட்டும் இல்லை. இங்கே அவரும் அவருடைய பன்னிரண்டு வயது மகளும் ஒரே சிலேட்டில் எழுதுவார்கள். அம்மா ஓர் எழுத்து, மகள் ஓர் எழுத்து. எழுத்து கோணினால் மகள் புறங்கையால் துடைத்துவிட்டு, "மறுபடியும், அம்மா" என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே சுண்ணாம்புக் குச்சியை வாங்கிக்கொள்வார்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்துவிடுவேன். குடத்தில் தண்ணீர் நிறைய இருக்கும். போய் இன்னும் ஊற்றுவேன். துடைத்த பலகையைத் திரும்பத் துடைப்பேன்.

கடைக்காரருக்கு இந்த முறையே பிடிக்காது. வந்து உட்காருவார், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். "எங்கள் ஊரில் குரு சொல்வார், நாங்கள் ஆடிக்கொண்டே திருப்பிச் சொல்வோம். ஒருவனும் ஏன் என்று கேட்டதில்லை. இங்கே என் மகள் பத்து நிமிடத்தில் ஒன்பது ஏன் கேட்கிறாள்."

"பத்தாவதை நீங்கள் கேளுங்கள்" என்பார் துரைசாணி.

"சரி, கேட்கிறேன். பெண் பிள்ளை சபையில் நின்று வேதம் வாசித்தால் யார் கேட்பது?"

"நீங்கள்தான். அதற்குத்தானே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேலும் முணுமுணுப்பார். அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

துரைசாணி என்னையும் விடவில்லை. "நீயும் இந்த வகுப்பில் ஒருத்திதான். உன் வீட்டார் எப்போது வருவார்கள்?" என்று மாதம் ஒரு முறையாவது கேட்பார். அப்பாவுக்கு ஆபீசில் வேலை அதிகம் என்பேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பேன். மழையில் பாலம் உடைந்துவிட்டது என்றுகூட ஒரு முறை சொன்னேன். பாலம் உடைந்தது உண்மைதான், ஆனால் அது வேறு தோட்டத்துப் பாலம்.

மறு வருடம் அவர்களுடைய பஸ்கா பண்டிகை வந்தது. மிஷன் பள்ளியில் விவிலியம் படித்ததால் அந்தக் கதை எனக்குத் தெரியும். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் ஒரே இரவில் புறப்பட்டார்கள். பிசைந்த மாவு புளிக்கவும் நேரமில்லாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால் அந்த வாரம் முழுவதும் புளித்த மாவில் செய்த எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. பண்டிகைக்கு முந்தின நாள் ஐந்து பிள்ளைகளும் நானும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு, கோழி இறகால் அலமாரி இடுக்கையெல்லாம் கூட்டி ரொட்டித் துகள் தேடினோம். துரைசாணியின் சின்ன மகளுக்கு ஆறு வயது. சோபாவுக்கு அடியில் தானே ஒரு பிஸ்கட்டை ஒளித்து வைத்துவிட்டுத் தானே கண்டுபிடித்தாள்.

பண்டிகை விருந்து பெரியவர்களோடு முடிந்த பிறகு, அந்த வாரத்தின் நடுவில், பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு காலை வகுப்பு வைத்தார் துரைசாணி. அதில் பிள்ளைகள் கேட்பார்கள், பெரியவர்கள் பதில் சொல்வார்கள். பதில் புத்தகத்திலிருந்து வரக் கூடாது; தாங்களே வாழ்க்கையில் அவசரமாகக் கிளம்பிய ஒரு சமயத்தைச் சொல்ல வேண்டும். அந்த நாள் சித்திரை முதல் நாளாக அமைந்துவிட்டது. தோட்டங்களில் வேலை இல்லை. அது எனக்குத் தெரியும். துரைசாணிக்கும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று காலை பெஞ்சுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். பங்களாத் தோட்டக்காரர் வந்து, "தங்கச்சி, ஒன்னய தேடி ஒரு அம்மா வாசல்ல நிக்குது" என்றார்.

போய்ப் பார்த்தேன். என் அம்மா நின்றாள். தீபாவளிச் சேலை, வெறுங்கால், கையில் மூடி போட்ட பெரிய தூக்கு. செம்மண் புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது.

"எப்படிம்மா வந்தே?" என்றேன்.

"பஸ்ஸுல. வெள்ளனவே கெளம்பிட்டேன்." அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கிராணி ஐயாவுக்குக் காயிதம் வந்துச்சு."

"என்ன காயிதம்?"

"இந்த வீட்டுத் தொரசாணி போட்டது. உங்க மக நல்லா வேல பாக்குது, நீங்களும் ஒங்க சம்சாரமும் பண்டிகைக்கு வரணும்னு. ஒம் பேரும் அதுல இருந்துச்சு. ஐயா அதப் பெரட்டுல வச்சு எல்லார் முன்னாலயும் படிச்சாரு. வெளாட்டாத்தான் படிச்சாரு. கங்காணி விழுந்து விழுந்து சிரிச்சாரு." அம்மா தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "அன்னையிலேருந்து லயத்துல தண்ணி புடிக்கப் போக முடியல. கொழாயடில கொடத்த வச்சா, 'கிராணி வீட்டம்மா வாராங்க, வழி விடுங்கடி'ங்குறாளுக. பதிமூணு வருசமா ஒத்தையில கெடக்கேன். ஒரு பய ஒரு சொல்லு சொன்னதில்ல."

ஒரு தலையாட்டல் இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் நகர்ந்து உட்கார்ந்தது முன் வரிசைக்கு. அதற்காக அம்மாவை எங்கே தள்ளியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, இப்ப திரும்பிப் போயிடு. சாயந்தரம் விடுதிக்கு வா, பேசலாம்."

"எதுக்கு? கூப்புட்டாங்க, வந்திருக்கேன். ஒங்கப்பன் யாருன்னு இவுங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லு. கேட்டுட்டுப் போயிடுறேன்."

அதற்குள் துரைசாணி வெளியே வந்துவிட்டார். இரண்டு கையையும் நீட்டி அம்மாவை உள்ளே அழைத்தார். அம்மா தூக்கை அவரிடம் கொடுத்தாள். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அம்மாவை என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தார் துரைசாணி. சின்ன மகள் காத்திருக்கவில்லை, தூக்கைத் திறந்துவிட்டாள். உள்ளே இட்லி. எங்கள் லயத்தில் தீபாவளிக்கு மட்டுமே செய்வது. வாழை இலை சுற்றி, இன்னும் இளஞ்சூடு.

"பஞ்சு மாதிரி உப்பியிருக்கிறது!" என்று கத்தினாள் சின்னவள். "இது புளித்த மாவு! அம்மா, வீட்டுக்குள் புளித்தது வந்துவிட்டது!"

மெழுகுவத்தி வைத்து மூலை மூலையாகத் துகள் தேடிய வீடு. ஐந்து பிள்ளைகளும் எழுந்து நின்று தூக்குக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"எதனால் செய்தது?" என்றார் துரைசாணி.

"அரிசியும் உளுந்தும்" என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "அரிசியா? அரிசி எங்கள் வீட்டில் இந்த வாரம் முழுக்க உண்டு. என் அம்மா சமைத்தாள், அவள் அம்மா சமைத்தாள்."

"என் அம்மா வீட்டில் அரிசியைக் கண்ணாலும் காட்டமாட்டார்கள்" என்றார் துரைசாணி.

"அப்படியானால் நாம் எந்த வீடு?" என்றாள் துரைசாணியின் பெரிய மகள்.

"நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது. புத்தகத்தைப் பார்ப்போம், லண்டனுக்கும் எழுதிக் கேட்போம். அதுவரை தூக்கு படிக்கட்டில் இருக்கட்டும்."

அம்மா என் தொடையை இடித்தாள். "என்ன புள்ள, ஊசிப்போச்சுங்குறாங்களா? ராத்திரி கண்ணு முழிச்சு அரச்சேன். ஒரு செரட்டக் கள்ளு ஊத்துனேன், அதான் பூவாட்டம் வந்திருக்கு."

"ஊசல. இந்த வாரம் புளிச்ச மாவு இவுங்களுக்கு ஆகாது. அரிசி சேருமா சேராதான்னு அவுங்களுக்குள்ளயே சண்ட."

"ஓ. புரட்டாசி மாசம் கவிச்சி ஆகாதுங்குற மாதிரி" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தானே எழுந்து தூக்கைக் கொண்டுபோய்ப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். துரைசாணி தன் தாத்தா குதிரை வண்டியில், வைக்கோலுக்கு அடியில் எல்லை தாண்டிய கதையைச் சொன்னார். ஆனால் அது தாத்தா கிளம்பியது, நீ கிளம்பியது இல்லை என்று பெரிய மகள் மடக்கினாள். கடைக்காரர் பதினாறு வயதில் பாக்தாத்திலிருந்து படகேறியதைச் சொன்னார். அவர் மனைவி கதைக்குப் பதிலாகச் சிலேட்டில் நான்கு எழுத்து எழுதிக் காட்டினார். அது அவருடைய அம்மாவின் பெயர். அதற்கே எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்தது என் அம்மா.

சின்னவள் எதிரே வந்து நின்றாள். "நீங்கள் எப்போதாவது அவசரமாகக் கிளம்பியிருக்கிறீர்களா?"

மாவு புளிக்குமுன் ஓடியவர்களின் கதையையும் சேர்த்து, நான் அம்மாவிடம் தமிழில் கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எப்பவாச்சுமா? தெனமும்தான். நான் மரம் வெட்டுறவ. கருக்கல்ல எந்திரிச்சு வெட்டுவேன். பாலு சொட்டு சொட்டா மரத்துல கட்டுன மங்குல எறங்கும். வெயிலு ஏறிட்டா நிக்காது, மங்குலயே ஒறஞ்சு போயிடும். ஒறஞ்ச பாலுக்கு மதிப்பில்ல. ஒறையறதுக்குள்ள அத்தன மரத்துப் பாலையும் எடுத்து, வாளியத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு ஓடணும். மாவு புளிக்குமுன்ன ஓடுனாங்கன்னு சொன்னியே, அதே ஓட்டந்தான். அவுங்க ஒரு ராத்திரி ஓடுனாங்க. நான் இருவது வருசமா ஓடுறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் திறந்தது. "தோட்டத்தில் எல்லோரும் காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள் என்கிறார்" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அம்புட்டுப் பேசுனேன், அதுக்கு இத்துணூண்டுதானா?"

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து அம்மாவின் விரல்களுக்குப் போயிற்று. பால்கறை கழுவினாலும் போகாது. நகத்தடியில் கருப்பாக நிற்கும். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும்போல் இருந்தது.

சின்னவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்பா ஏன் வரவில்லை?"

"பாப்பா என்ன கேக்குது?" என்றாள் அம்மா.

இதையாவது மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எதிர்ச் சுவரில் சிவப்பு ஓரம் போட்ட அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. என் எழுத்து.

"அப்பா ஏன் வரலைன்னு கேக்குது."

அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ ஆரம்பிச்ச, நீயே முடி."

நான் எழுந்து நின்றேன். பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் குரல்தான் வந்தது. வேறு குரல் எனக்கு வரவில்லை. "என் அப்பா கிராணி அல்ல. கான் வெட்டும் கூலி. நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். கிராணி என் அப்பா என்று நான் பொய் சொன்னேன். அதனால் தோட்டத்தில் என் அம்மாவைப் பற்றித் தவறாகப் பேசுகிறார்கள். இப்போது என் அம்மா சொன்னதையும் நான் மாற்றிச் சொன்னேன்." பிறகு மரத்தையும் பாலையும் ஓட்டத்தையும் அம்மா சொன்ன வரிசையில், ஒன்றையும் விடாமல் சொன்னேன். இருபது வருடம் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் நின்று நின்று வந்தது.

பெரிய மகள் அட்டையைக் காட்டினாள். "அதை எழுதியதே நீங்கள்தானே?"

"ஆமாம்" என்றேன்.

துரைசாணியின் முகம் சிவந்துபோயிருந்தது. முதலில் என் அம்மாவிடம் பேசினார்: "கேட்காமல் கடிதம் எழுதியது என் தவறு. அதனால் உங்களுக்கு வந்த அவமானத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது." அதை நான் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் குறையவில்லை.

"போகட்டும், அவுங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

என் பக்கம் திரும்பியபோது துரைசாணியின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு வருத்தம்தான். ஆனால் மன்னிக்க வேண்டியவள் நான் அல்ல. ஒரு மனிதருக்குச் செய்த தீங்கைக் கடவுள்கூட அவருக்குப் பதிலாக மன்னிக்க முடியாது என்பது எங்கள் பாடம். பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லுகிறேன். எங்கே செய்தாயோ அங்கேயே போய்ச் சரிசெய். இந்த வராந்தாவில் சொன்னது போதாது."

"அதன் பிறகு?" என்றேன். இந்த வேலை எனக்கு இருக்குமா என்பதுதான் கேள்வி. அவருக்கும் அது புரிந்தது.

"அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வா. எல்லோரையும்போல, வீட்டாரோடு."

கிளம்பும்போது கடைக்காரர் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார். கடை வைப்பதற்கு முன் அவர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சம்பள நாளில் லயம் லயமாகச் சுற்றியவராம். அப்போது கற்ற தமிழ் ஒரே ஒரு வாக்கியம். அம்மாவின் சேலையைக் காட்டி, பெருமையாக அதைச் சொன்னார்: "சாயம் போகாது, அக்கா!"

"ரெண்டு தொவையில போயிருச்சு, மொதலாளி" என்றாள் அம்மா.

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, விழுந்து விழுந்து சிரித்தார்.

தூக்கு எங்களோடு திரும்பி வந்தது. பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து, இருவரும் இட்லியைத் தின்றோம். அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டு முடிந்ததும் மூன்றாவதை எடுத்து என் கையில் வைத்தாள். ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் போய், சுரங்கத்துக் குட்டைகள் போய், ரப்பர் மரங்கள் வந்தன. ஆறு மாதமாக நான் அந்தப் பக்கம் வரவில்லை. நாளை என்ன சொல்வது என்று முதலில் ஆங்கிலத்தில் யோசித்தேன். தமிழில் யோசித்தபோது ஒரு வாக்கியமும் நிற்கவில்லை.

மறுநாள் விடியுமுன் பிரட்டு. ஆபீசுக்கு முன்னால் விளக்கைத் தொங்கவிட்டு, கிராணி பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்; எனக்கு அவரை எட்ட இருந்து பார்த்துத்தான் பழக்கம். ஆணும் பெண்ணுமாக வாளியும் பால் வெட்டும் உளியுமாக வரிசையில் நின்றார்கள். அம்மா தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். என்னைத் தள்ளவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

நான் சப்பாத்தோடு விளக்கு வெளிச்சத்துக்குள் போனேன்.

"ஓ, என்ர மகள் வந்திட்டா!" என்றார் கிராணி. வரிசை முழுக்கச் சிரித்தது. கங்காணி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"ஐயா, நான் உங்க மக இல்ல" என்றேன். "இந்தத் தோட்டத்துல கான் வெட்டுனவரோட மக. டவுன்ல பெருமைக்காக நான்தான் பொய் சொன்னேன். எங்கம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. அவுங்களப் பத்தி யாரும் ஒண்ணும் பேச வேணாம். பேசணும்னா என்னயப் பேசுங்க."

சிரிப்பு நின்றது. யாரோ இருமினார்கள். பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நாங்க சும்மா வெளாட்டுக்குத்தானே சொன்னோம் லா."

"படிச்ச புள்ள, பொய்யக்கூட இங்கிலீசுல சொல்லியிருக்கு" என்றது இன்னொரு குரல். மறுபடி சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பு என் மேல். முகம் எரிந்தது, ஆனாலும் நான் இடத்தை விட்டு நகரவில்லை. இது அம்மா மேல் விழாத சிரிப்பு.

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி பிள்ளை. நானும் அந்தக் கடிதத்தை இதில வச்சு வாசிச்சிருக்கப்படாது" என்றார். பிறகு பேரேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அம்மாவின் பெயர் வந்தபோது, வழக்கமாகக் கூப்பிடுவதுபோல் மொட்டையாகக் கூப்பிடாமல், முன்னால் அப்பாவின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அம்மா "வந்திருக்கேங்க" என்றாள்.

வரிசை கலைந்து எல்லோரும் மரங்களுக்குள் போனார்கள். முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அம்மாவின் பின்னால் போனேன். மர நிரையின் ஓரமாக ஒரு கான் ஓடியது. முந்தின நாள் மழைத் தண்ணீர் அதில் இலையைத் தள்ளிக்கொண்டு போனது.

"இது அப்பா வெட்டுனதா?"

"இதுலேருந்து பாலம் வரைக்கும் அவரு வெட்டுனதுதான்" என்றாள் அம்மா. மரத்தில் பழைய கோட்டுக்குக் கீழே உளியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பட்டை சுருண்டு விழுந்தது. பால் கோட்டோடு இறங்கி மங்கில் சொட்டத் தொடங்கியது. அடுத்த மரத்துக்குப் போனாள். அங்கேயும் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்தக் கடைக்காரம்மா பலகையில எழுதுனாங்களே."

"ஆமா."

"அவுங்க அம்மா பேருன்னியே. அது கஷ்டமா?"

"எது?"

"எழுத்து."

"இல்லம்மா, ரொம்பச் சுலபம்."

அம்மா உளியை எடுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பொய் சொல்லாத."

"கஷ்டந்தான்" என்றேன். "மொதல்ல கையே வளையாது. எனக்கு ஒரு வருசம் ஆச்சு."

"அப்படிச் சொல்லு" என்றாள். "ஞாயித்துக்கெழம வாரேன்." அதற்குள் மூன்றாவது மரத்துக்குப் போய்விட்டாள். "இப்ப வழிய விட்டு நில்லு புள்ள, வெயிலு ஏறுது."